திருகின் மேல் மஞ்சள் கோடு

என் தாடையில் நாலு தையல். அதைவிட வலித்தது, என் அண்ணன் என் ஆபீசுக்கே போன் போட்டு, "அவளுக்கு இறக்கத்துல பிரேக் பிடிக்கத் தெரியலை சார், கொஞ்ச நாள் உள்வேலை குடுங்க" என்று சொன்னதுதான். ஆறு வருஷமாக என் பைக்கில் கூரியர் கொண்டுபோகிறவள் நான். இப்போது ஜன்னல்கூட இல்லாத அறையில் நின்று, அடுத்தவர்கள் கொண்டுபோகும் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். மாதக் கடைசியில் என் ரூட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடப் போவதாக மேனேஜர் சொல்லிவிட்டார்.

நடந்தது இதுதான். ஆஸ்பத்திரி மேட்டிலிருந்து பாலம் வரை நீளமான இறக்கம். பின்னால் முப்பது கிலோ பார்சல். பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். பாதி வழியில் முன் பிரேக், பஞ்சை அமுக்கின மாதிரி மொத்தமும் உள்ளே வந்துவிட்டது. பின் பிரேக் ஒன்றே அந்தச் சுமைக்கு என்ன செய்யும்? பாலத்துச் சுவரில் போய் மோதினேன்.

அண்ணன் மெக்கானிக். தெருவில் எல்லோருக்கும் அவன் 'வண்டி டாக்டர்'. எங்கள் வீட்டு முன்னறைதான் அவன் கடை. வண்டி அங்கே வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது. அவன் பிரேக்கை அழுத்திப் பார்த்தான்.

"கல்லு மாதிரி இருக்கு. போன மாசம்தான் பிரேக் ஆயில் புதுசா மாத்தினேன். நீ பயத்துல பிடிக்காம விட்டிருப்ப."

"பிடிச்சேன். மொத்தமும் உள்ள வந்துருச்சு."

"அப்ப இப்ப எப்படி நிக்குது? தானா சரியாயிருச்சா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா சாவியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அம்மா, "அவன் தொழில் தெரிஞ்சவன்டி" என்று மகனுக்கு வக்காலத்து வாங்கினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிடித்த கை என்னுடையது. அதில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாதாம், பக்கத்திலேயே இல்லாதவனுக்குத் தெரியுமாம்!

ஒரு வாரம் அந்தக் கோபத்தோடுதான் ஸ்டிக்கர் ஒட்டினேன். கடைசியில் ஆபீஸ் வேன் டிரைவரிடம் கேட்டேன்.

"ஆயில் பழசானா அதுல தண்ணி சேந்துரும்மா. இறக்கத்துல சூடேறினா கொதிச்சு ஆவியாகும், பிரேக் பஞ்சாயிரும். ஆறினா பழையபடி கெட்டியாயிரும்" என்றார்.

"புதுசு மாத்தியாச்சுன்னு சொல்றாங்களே அண்ணே."

"எங்க மாத்தினாங்க? ஹேண்டில்பார் மேல இருக்கற டப்பாவுல மட்டுமா? சக்கரத்துக்கிட்ட ஒரு திருகு இருக்கும். அதத் திறந்து பழசை வெளிய எடுத்தாத்தான் மாத்தினதா அர்த்தம்."

மறுநாள் லீவு. காலையிலேயே முன்னறையில் வண்டிப் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்தேன். அண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் திருகைத் திறந்து முறுக்கினாலும் அதன் மேல் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பான். திருகு அசைந்தால் கோடு உடைந்துவிடும். வருஷத்துக்கு ஒரு நிறம். இந்த வருஷம் பச்சை, போன வருஷம் வெள்ளை, அதற்கு முந்தின வருஷம் மஞ்சள். பெருமையாகச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறான்.

முன் சக்கரத்துத் திருகின் அழுக்கைத் துணியால் துடைத்தேன். மஞ்சள் கோடு, உடையாமல் அப்படியே இருந்தது.

வீட்டையே கூப்பிட்டேன். கடைக்கு வந்திருந்த இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"டாக்டர் சார், பேஷன்ட் உடம்பத் தொடாமலே ஆபரேஷன் பண்ணிருக்கீங்க."

அண்ணன் குனிந்து பார்த்தான். சுவரைப் பார்த்தான். முகம் செத்துவிட்டது.

"மேல டப்பாவுல மட்டும் புதுசு ஊத்தினேன்டி. அன்னைக்குக் கூட்டம். வீட்டு வண்டிதானேன்னு..."

வீட்டு வண்டிதானே! வெளியாள் வண்டியாக இருந்தால் கடைசிச் சொட்டு வரை மாற்றியிருப்பான். தங்கை வண்டி என்றால் மேல்பூச்சு போதும்.

"இப்ப மாத்து. எல்லாரும் பாக்கட்டும்."

அவன் திருகில் ஒரு குழாயைச் செருகி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டான். அவன் சொல்லச் சொல்ல நான் பிரேக்கை அழுத்திப் பிடித்தேன். அவன் திறந்தான், மூடினான். முதலில் வந்தது கறுப்பு. காபி டிகாக்‌ஷன்கூட அவ்வளவு கறுப்பாக இருக்காது. மேலே புது ஆயிலை ஊற்றிக்கொண்டே இருந்தோம். வெகுநேரம் கழித்துத்தான் குழாயில் தேன் நிறம் வந்தது. அவன் திருகை முறுக்கிப் பச்சைக் கோடு இழுத்தான். கோடு கோணலாக விழுந்தது.

"போதும்டி, நாலு பேர் முன்னாடி அண்ணனை..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"என்னை மட்டும் தனியா கூப்பிட்டா சொன்னான்?"

அப்பா சாவியை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"சாவி அப்புறம்ப்பா. முதல்ல இவன் போன் போடட்டும்."

அண்ணன் மேனேஜருக்குப் போட்டான். "சார், அவ வண்டியில பிரேக் ஆயிலை நான் சரியா மாத்தலை. அவ சரியாத்தான் ஓட்டியிருக்கா. தப்பு என்னுது." நாளையிலிருந்து ரூட்டுக்கு வரச் சொன்னார் மேனேஜர்.

அன்றைக்கே தையல் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. அண்ணனைப் பின்னால் உட்காரச் சொன்னேன். திரும்பும்போது அதே இறக்கம். முப்பது கிலோவுக்கு இரண்டு மடங்குக்கு மேல் அவன். பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். அவன் என் தோளை இறுக்கிக்கொண்டிருந்தான். பாலத்துச் சுவருக்கு நாலடி முன்னால் வண்டியை நிறுத்தினேன்.

"இப்ப சொல்லு, எனக்குப் பிரேக் பிடிக்கத் தெரியுமா?"