பெட்டி பிரித்த கம்ப்யூட்டர்

1

இந்தக் கதை அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் எனக்குக் கிடைத்தது. சீர்வரிசைச் சாமான்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். பீரோவுக்கும் கிரைண்டருக்கும் நடுவே ஒரு கறுப்புப் பெட்டி. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, கண்ணாடியின் மேல் சந்தனப் பொட்டு. பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள் குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, "தொட்டி இருக்கு, மீனு எங்க?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது கேமிங் கம்ப்யூட்டர் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. தெரியாதவர்களிடம் வலியப் போய்ப் பேசும் வழக்கம் எனக்கு இல்லை.

சாப்பிட்டுவிட்டு வந்தபோது பீரோ இருந்தது, கிரைண்டர் இருந்தது. நடுவில் இருந்த இடம் காலி.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இட்டுக்கட்டியது. நர்மதா என்ற பெயரும் நான் வைத்ததே. (மேடையில் பூவால் எழுதியிருந்த பெயர் வேறு.)

2

முதல் தொடக்கம்: 'பெரம்பலூரில் மாலை வெயில் மெல்லச் சாய்ந்துகொண்டிருந்த வேளையில் நர்மதா—'

வேண்டாம். வெயில் சாய்வதற்கும் இந்தக் கதைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

இரண்டாவது: 'இயற்பியல் படித்த நர்மதாவுக்கு மின்சாரத்திடம் பயமில்லை. மனிதர்களிடம்தான்—'

இதில் என் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. அவள் தெரியவில்லை.

மூன்றாவது: நர்மதா கேம் ஆடுவாள்.

இதை வைத்துக்கொள்கிறேன். 'விளையாடுவாள்' என்று எழுதினால் கோகோ என்று நினைத்துக்கொள்வீர்கள். அவள் ஆடுவது போனில், துப்பாக்கி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் புகும் ஆட்டம். பெரம்பலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் செய்யும் வேலை. சாயங்காலம் வீடு திரும்பியதும் துணி எடுக்கிறேன் என்று மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவாள். கூட ஆடுகிறவர்கள் அவளை 'ப்ரோ' என்பார்கள். திருத்தியதில்லை.

போன் போதவில்லை. கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும் என்ற ஆசை வந்தது. தன் சம்பளத்தில், தனக்கு.

3

அந்த ஆசை வந்த எல்லோரும் ஒரு முச்சந்தியில் வந்து நிற்பார்கள். பிராண்டடா, அசெம்பிளா? கடைக்காரர்கள் முழுசாகச் செய்து வைத்திருப்பதை வாங்குவதா, பாகம் பாகமாக வாங்கி நாமே பூட்டுவதா?

முழுசாக வாங்கினால் ஒரே பெட்டி, ஒரே ரசீது, கெட்டுப்போனால் திட்டுவதற்கு ஒரே ஆள். ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் என்னவென்று தெரியாது. கிராஃபிக்ஸ் கார்டின் பெயரைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள், பவர் சப்ளையின் பெயரைப் போடவே மாட்டார்கள். நாமே பூட்டினால் ஒவ்வொன்றும் நாம் பார்த்துப் பொறுக்கியது. நாளைக்கு ஒன்றை மட்டும் கழற்றி மாற்றலாம். ஆனால் ஓடாமல் போனால் மதர்போர்டு விற்றவன் ரேமைக் கைகாட்டுவான், ரேம் விற்றவன் மதர்போர்டைக் கைகாட்டுவான்.

நர்மதா இதையெல்லாம் படித்தாள். முடிவெடுத்தது இதனால் அல்ல. ஒருநாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடைக்குப் போனாள்.

"கேமிங்கா? யாருக்கு மேடம், தம்பிக்கா?"

"ம்."

"தம்பி என்ன படிக்கறாப்ல?"

இல்லாத தம்பிக்கு ஒரு படிப்பைத் தேட முடியாமல், "அப்புறம் வரேங்க" என்று படியிறங்கிவிட்டாள். பாகங்களை ஆன்லைனில் வரவழைத்தால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அசெம்பிள்.*

* தன் கையால் செய்வதன் பெருமை, சுதந்திரம் என்று இங்கே ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். கூச்சத்தில் ஒரு முடிவை எடுத்த பிறகுதான் நல்ல காரணங்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன.

4

பாகங்கள் வந்துகொண்டிருக்கும்போதே கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை முத்தமிழ்செல்வன், அரியலூர்க்காரர், சிமெண்ட் ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை. (பெரியவர்கள் பார்த்துவைக்கும் கல்யாணமும் கடையில் வாங்கும் கம்ப்யூட்டரும் ஒன்று என்று— அடித்துவிட்டேன். உங்களுக்கே தோன்றியிருக்கும்.)

அம்மா பூங்காவனத்துக்குப் பொறுக்கவில்லை.

"என்னாடி இது, தெனம் ஒரு பொட்டி வருது? கல்யாணத்த வெச்சுகிட்டு என்னத்த வாங்கிக் குமிக்கிற?"

"கம்ப்யூட்டர் சாமான்மா."

"கவர்மெண்டு குடுத்த லேப்டாப்புதான் பரண்ல கெடக்கே."

"இது கேம் ஆடறதும்மா."

"யாரு ஆடறது?"

இந்த இடத்தில் கதை என்னிடம் நகர மறுத்துவிட்டது. 'நான்' என்று சொன்னால் முடிந்தது. ஏன் அவள் சொல்லவில்லை என்று எனக்கே சந்தேகம். அவள் திருடவில்லை. யாரோடும் ஓடிப்போகவில்லை. ஓடியிருந்தால்கூட அம்மாவுக்கு அது என்னவென்று விளங்கியிருக்கும். பெரிய தப்பைத் தலை நிமிர்ந்து ஒப்புக்கொள்கிறவர்கள் உண்டு. சிறுபிள்ளைத்தனத்தை ஒப்புக்கொள்ளத்தான் நாக்கு எழுவதில்லை.

"அவருக்குத்தாம்மா" என்றாள்.

பூங்காவனத்தின் முகம் அப்படியே மலர்ந்தது. "அத மொதல்லயே சொல்றதுக்கு என்னாடி!" சாயங்காலத்துக்குள் அப்பா நடராசன் சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டர் சீரில் சேர்ந்துவிட்டது.

அன்றைக்கே முத்தமிழ்செல்வன் கூப்பிட்டார். "மாமா சொன்னாங்க. எனக்கா?"

"ம்."

"ஓ. சரி. அவங்க இஷ்டம்."

அந்த 'ஓ' அவளை உறுத்தியது. கேட்கவில்லை.

5

ஞாயிற்றுக்கிழமை கட்டிலின் மேல் துணி விரித்துப் பூட்ட உட்கார்ந்தாள். அவ்வப்போது பீரோவின் இரும்பைத் தொட்டுக்கொண்டாள். உடம்பில் தேங்கிய மின்னூட்டம் பாகங்களில் பாயாமல் இருக்க அப்படிச் செய்ய வேண்டும். அவள் சாமி கும்பிடுகிறாள் என்று அம்மா நினைத்துக்கொண்டார். எறையூர் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நடராசன், திருகாணிகளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"கடக்காரன ஒரு எட்டு வரச் சொல்லலாமில்லம்மா?"

"வேணாம்ப்பா. நானே பாத்துக்கறேன்."

சுவிட்சைப் போட்டதும் விசிறிகள் சுழன்றன. உள்ளே நீல வெளிச்சம் வந்தது. நர்மதா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். நடராசன் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பூங்காவனம் சந்தனம் குழைத்துக் கொண்டுவந்து பொட்டு வைத்தார்.

அப்புறம் அப்பா கேட்டார். "பொட்டி எங்கம்மா?"

எங்கள் பக்கத்துச் சீரில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாம் அட்டைப்பெட்டியோடுதான் நிற்க வேண்டும். சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் பட்டைகூட அறுபடக் கூடாது. பெண் போகிற வீட்டில்தான் பிரிக்க வேண்டும். பிரித்த சாமான் என்றால் பழைய சாமான், அதற்கு மேல் பேச்சில்லை. நாமே பூட்டும் கம்ப்யூட்டரைப் பிரிக்காமல் பூட்ட முடியாது. நர்மதா அவசரத்தில் கேபினட் என்ற வெளிக்கூடு வந்த அட்டைப்பெட்டியை நீளவாக்கில் கிழித்துப் போட்டிருந்தாள். டேப் ஒட்டிப் பார்த்தார்கள். இன்னும் பழசாகத் தெரிந்தது.

"இப்படியே வெப்போம். புதுசுன்னு பாத்தா தெரியாதா?" என்றார் நடராசன்.

6

தெரியவில்லை.

மீன் எங்கே என்று கேட்ட அம்மாளுக்குக் கலியம்மாள் என்று பெயர் வைக்கிறேன். மாப்பிள்ளைக்கு அத்தை. சிரிப்பு அடங்கியதும் நடராசன் கைகூப்பாத குறையாகச் சொன்னார்.

"கம்ப்யூட்டருங்க. மாப்ளைக்கு."

"அதுக்குப் பொட்டி?"

"இது பூட்டுனதுங்க."

"யாரு பூட்டுனா?"

நடராசன் மகளைப் பார்த்தார். நர்மதா மணமகள் அறை வாசலில், தலை கொள்ளாத பூவோடு நின்றிருந்தாள். 'நான்தாங்க பூட்டினேன், எல்லாம் புதுசு' என்று அவள் சொன்னால் போதும். ஆனால் ஒன்றைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். உனக்கு எப்படித் தெரியும்? நீயும் ஆடுவியா? கல்யாணப் பெண்ணா கேம் ஆடுகிறது? அவள் மருதாணிக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கடையிலதாங்க" என்றார் நடராசன்.

"கடையில பூட்டுனா கடைப் பொட்டி இருக்குமில்ல சம்பந்தி? ஃபிரிட்ஜி சட்ட போட்டு நிக்கிது, கிரைண்டரு சட்ட போட்டு நிக்கிது, இது மட்டும் அம்மணமா நிக்கிதே! யாரு வூட்ல ஓடிகிட்டு இருந்துச்சோ, என்னவோ."

சிரிப்பு பந்திப் பக்கம் வரைக்கும் போனது. நடராசனின் கழுத்து வியர்த்துச் சட்டைக் காலர் நனைந்துவிட்டது. "நாளைக்குள்ள பொட்டியோட புதுசு ஒண்ணு வந்துடுங்க. இதக் கடையிலயே குடுத்துடறேன்" என்றார்.

எந்தக் கடையில்? நர்மதாவுக்கு மட்டும் தெரிந்த கேள்வி அது. பழைய சாமான் வாங்கி விற்பவனிடம்தான் கொண்டுபோய்ப் போட வேண்டும். அவள் பூட்டியது போய்விடும். அவளுடைய பொய்க்கு அப்பா ஊர் நடுவில் தலைகுனிந்துவிட்டார். வரப்போகும் புதுப் பெட்டி யாருக்கு?

முத்தமிழ்செல்வன் கோட்டோடு வந்து அவள் பக்கத்தில் நின்று, உதடு அசையாமல் பேசினார். "நர்மதா, ஒண்ணு சொல்லணும். எனக்குக் கேம்லாம் ஆடத் தெரியாது. கேரம்லயே எங்க அக்காகிட்ட தோத்துப் போவேன். நான் ஆடுவேன்னு மாமாட்ட யாரு சொன்னா?"

"தெரியாதுன்னு அன்னிக்கே சொல்றதுதானங்க?"

"ஆசயா குடுக்கறாங்க, எப்படி வேணாங்கறது? கூச்சமா இருந்துச்சு."



7

முடிவுகள்.

அ) மாப்பிள்ளை முன்னே வந்து, "எனக்கு இதுதான் வேணும்" என்கிறார். எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். எழுதி முடித்து, நன்றாக வந்திருக்கிறது என்றுகூட நினைத்தேன். பிறகு கிழித்தேன். அவளுக்காக அப்பா ஒரு பொய் சொல்லிவிட்டார். இப்போது இவரும் ஒன்று சொல்ல வேண்டுமா?

ஆ) நர்மதா மேடையேறி மைக்கைப் பிடித்து— இல்லை. அவளுக்கு மைக்கைத் தொடவே கை வராது.

இ) யாரும் எதுவும் சொல்வதில்லை. பிராண்டட் கம்ப்யூட்டர் பிரிக்காத பெட்டியோடு வந்து சேர்கிறது. அரியலூர் வீட்டில் அதற்குப் பூப்போட்ட துணி ஒன்று தைத்துப் போர்த்துகிறார்கள். நர்மதா அதன் மேல் படியும் தூசியைத் தட்டுகிறாள், திரும்பப் போர்த்துகிறாள். நடக்கக்கூடியது இதுதான். இதை எழுதத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

8

ஆகவே கதை நகர்ந்த வரைக்கும் எழுதுகிறேன்.

எல்லோரும் பந்திக்குப் போன சமயம் பார்த்து, நடராசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல், கம்ப்யூட்டரைத் தானே தூக்குகிறார். வாசலில் வேன் நிற்கிறது. கலியம்மாள் கை கழுவிக்கொண்டே பார்க்கிறார். முத்தமிழ்செல்வனும் பார்க்கிறார். நர்மதா புடவையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அப்பாவின் பின்னால் படியிறங்குகிறாள். கல்யாணப் பெண் தனியாக வாசலுக்குப் போகிறாளே என்று யாரோ கூப்பிடுகிறார்கள். அவள் நிற்கவில்லை.

"அப்பா" என்கிறாள்.

அவர் திரும்புகிறார்.

இதற்கு மேல் வர வேண்டிய ஒரு வாக்கியத்தைப் பலமுறை தொடங்கினேன். 'அது எனக்கு—', 'நான்தாம்ப்பா—', 'அவருக்கு இல்லப்பா—'. ஒன்றையும் முடிக்க என்னால் முடியவில்லை. உங்களால் முடியலாம். நீங்கள் சொல்வதை அவள் சொல்லுவாள். வேனில் ஏற்றச் சொன்னாலும், மண்டபத்துக்கே திருப்பிக் கொண்டுபோகச் சொன்னாலும் அவர் கேட்பார்.

ஆனால் கொஞ்சம் சீக்கிரம். பெட்டி கனம். கீழே வைத்தால் கண்ணாடி கீறிவிடும் என்று, அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறார்.