பல் டாக்டரின் அகராதி

பல் டாக்டரின் கிளினிக்கில் நான்கு சொற்களுக்கு இடமில்லை: ஊசி, வலி, ரத்தம், பிடுங்குதல். வேலைக்குச் சேரும் நர்ஸுக்கு முதல் நாள் பாடமே இதுதான். ஊசியை ‘எறும்பு’ என்றுதான் சொல்ல வேண்டும். வலிக்குப் பெயர் ‘அழுத்தம்’. ரத்தம் வந்தால் ‘கொஞ்சம் கொப்பளிச்சுக்குங்க’ என்றால் போதும். பல்லைப் பிடுங்குவது கிடையவே கிடையாது, ‘வழியனுப்பி’ வைப்பார்கள். கேட்டவர்களுக்குச் சிரிப்பு வரும். சிரிக்க வாயைத் திறந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. கைராசிக்காரர் என்று ஊரே அவரைக் கொண்டாடியது. ராசி கையில் இல்லை, வாயில்தான் என்பாள் அவருடைய தங்கை. அவளும் பல் டாக்டர்தான். அதே கிளினிக்கில் சாயங்காலம் பார்க்கிறவள்.

யார் கண் பட்டதோ, அவருடைய கடைவாய்ப் பல்லே சொத்தையாகிக் கன்னம் வீங்கிவிட்டது. மூன்று வாரம் பாலும் பழச்சாறுமாக ஓட்டினார். இரண்டு முறை நாற்காலியில் உட்கார்ந்து, ஏதோ போன் வந்ததுபோல எழுந்து நழுவினார். அன்று தங்கை எக்ஸ்ரேயைக் கண்ணெதிரே நீட்டினாள். சீழ் தாடை எலும்பை எட்டிவிட்டது. அன்றே பல்லை எடுக்காவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் தாடையைக் கீறவேண்டி வரும்.

வேறு வழியில்லாமல் சாய்ந்து படுத்தார். கதவுக்கு வெளியே ஐந்து நோயாளிகள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“சின்னதா ஒரு எறும்பு, அண்ணா. அவ்வளவுதான்.”

டாக்டருக்குக் குப்பென்று வியர்த்தது. மற்றவர்களுக்கு எறும்பு என்றால் எறும்பு. அவருக்கோ ஊசியின் நீளம், கனம், அது ஈறில் இறங்கும் ஆழம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பாம்பின் கால் பாம்பறியும் அல்லவா?

“லேசா அழுத்தம் தெரியும்” என்று அவள் முடிப்பதற்குள் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். பாவம், ஊருக்கெல்லாம் மருந்தாக இருந்த சொல் அவருக்கு மட்டும் விஷமாகிவிட்டது.

தங்கை ஊசியைக் கீழே வைத்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“சரி, நேராவே சொல்லிடுறேன். நாலு ஊசி. முதல் ஊசி உயிர் போற மாதிரி வலிக்கும். அப்புறம் பல்லைப் பிடுங்குறப்போ தாடையே கழண்டு கையோட வர்ற மாதிரி இருக்கும். ரத்தம் நிறைய வரும். கத்தணும்னா கத்துங்க, வெளியில ஆள் இருக்காங்கன்னு பார்க்காதீங்க.”

இருபது வருடமாக அந்த அறையில் ஒலிக்காத சொற்கள் அத்தனையும் ஒரே மூச்சில் வந்து விழுந்தன. டாக்டர் செருப்புத் தேடுவதை நிறுத்தினார். பிறகு விதியே என்று படுத்து, இரண்டு கையாலும் நாற்காலியைப் பற்றிக்கொண்டு வாயைத் திறந்தார். சுருக்கென்றது. இனிமேல்தான் உயிர் போகப்போகிறது என்று பல்லைக் கடிக்க வழியில்லாமல் காத்திருந்தார். போகவில்லை. மீதி மூன்று ஊசிகளும் முடிந்தன. கன்னம் மரத்தது. எதையோ பிடித்து ஆட்டுவதுபோல் இருந்தது, அப்புறம் தட்டில் டங்கென்று ஒரு சத்தம்.

“இவ்வளவுதானா?” என்றார் பஞ்சு அடைத்த வாயால் குழறிக்கொண்டே. நிம்மதியில் கண் கலங்கிவிட்டது. “உண்மையைச் சொன்னா எவ்வளவு தைரியம் வருது பாரு. இனிமே நானும் உள்ளதை உள்ளபடி சொல்லிடப்போறேன்.”

“எது உண்மை?” தங்கை கையுறையைக் கழற்றினாள். “உயிர் போற மாதிரி வலிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? நீங்க எல்லார்கிட்டயும் குறைச்சுச் சொல்லி வாயைத் திறக்க வெச்சீங்க. உங்ககிட்ட அது பலிக்கல. அதான் கூட்டிச் சொன்னேன்.”

டாக்டர் கோபப்படத்தான் பார்த்தார். மரத்துப்போன பாதி முகம் அசையவில்லை. மீதிப் பாதி அதற்குள் சிரித்துவிட்டது.