பச்சை பிரவுசரும் பல் டாக்டரும்

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்றுதான், பிரவுசர் மூன்று. தம்பிக்கு ஊதா, அப்பாவுக்கு நீலம், அம்மாவுக்குப் பச்சை. எனக்கு எது திறந்து கிடக்கிறதோ அது. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அடுத்தவர் மிதிக்க வேண்டிய பிரேக்கையெல்லாம் நாள் முழுக்க நானே மிதித்துவிட்டு, கத்திக் கத்தித் தொண்டை கட்டி வீடு வந்து சேர்கிறவளுக்கு எந்த நிறமாக இருந்தால் என்ன?

தம்பி அப்படியில்லை. அவனுக்கு வீட்டில் 'அப்டேட்' என்றுதான் பெயர். ஊதா வேகமாம், விளம்பரத்தை வடிகட்டுமாம், மெமரியைத் தின்னாதாம். பெற்ற பிள்ளையைப் போல் புகழ்வான். அப்பா லிஃப்ட் மெக்கானிக். "வாங்குறப்பவே உள்ள இருந்துச்சு, ஓடுது, ஓடுறத எதுக்குக் கழட்டணும்?" என்பார். அம்மாவைக் கேட்டால் மட்டும் "எனக்குப் பிடிச்சிருக்கு" என்பதோடு சரி. பச்சை மெதுவாகத்தான் திறக்கும். திறந்தபின் நச்சரிக்கும். இதை எங்கே வைக்கட்டும், இதை அனுமதிக்கவா, நிஜமாகவே மூடிவிடவா என்று ஒன்றுவிடாமல் கேட்கும். அம்மா ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்வாள்.

அம்மா மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். மதிய இடைவேளையில் பொழுதுபோக்காகத் தொடங்கிய இணையச் செஸ், மெல்ல மெல்ல அவளை ஒரு போட்டியின் இறுதி ஆட்டம் வரை கொண்டுவந்துவிட்டது. மூன்று ஆட்டம். இரண்டை ஜெயிப்பவருக்குத் தலைநகரில், பெரிய மண்டபத்தில், மரப் பலகையில் நிஜக் காய்களோடு ஆட இடம். அம்மா அதுவரை தனியாக எந்த ஊருக்கும் போனதில்லை. "காயைக் கையில தூக்கி வைக்கணும்டி. 'டொக்'னு சத்தம் கேக்கணும்" என்று என்னிடம் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை மாலை வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கம்ப்யூட்டர் மேஜைமுன் அம்மா உட்கார்ந்தாள். மேஜை ஆடக்கூடாதென்று அப்பா மெஷினை நிறுத்திவிட்டதால், துணியெல்லாம் சோப்பு நுரையோடு ஊறிக்கொண்டிருந்தது. எதிராளி ஒரு பல் டாக்டர். படத்திலேயே முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தார்.

"என் பச்சை எங்கடா?"

தம்பி மார்பை நிமிர்த்தினான். "எடுத்துட்டேம்மா! ஃபைனல்ல போய் அந்த ஆமையை வச்சு ஆடுவியா? ஊதால எல்லாம் ரெடி. பாஸ்வேர்டு போட்டாச்சு. உனக்குத் தொல்லை குடுக்கற கேள்வி அத்தனையும் நிறுத்திட்டேன். சும்மா பறக்கும் பாரு!"

அம்மா வாயைத் திறப்பதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது.

பறக்கத்தான் செய்தது. காய்கள் வழுக்கிக்கொண்டு போயின. அம்மாவும் பிரமாதமாக ஆடினாள். தம்பி, "பாத்தியாக்கா, பாத்தியாக்கா" என்று என் தோளைப் பிய்த்தான். அப்புறம் அம்மா ராணியை நகர்த்தி டாக்டருடைய மந்திரியின் வழியில் வைத்தாள். வைத்துவிட்டு, கையை எடுத்து, நாற்காலியில் சாய்ந்து பலகையைப் பார்த்தாள்.

அதுதான் அம்மாவின் வழக்கம். காயை ஒரு கட்டத்தில் வைத்துப் பார்ப்பாள், அங்கிருந்து உலகம் எப்படி இருக்கிறதென்று யோசிப்பாள். 'இதுதானா?' என்று பச்சையில் செஸ் சைட் கேட்கும். சரியென்றால் டிக் போடுவாள், இல்லையென்றால் காயைத் திரும்ப எடுத்துக்கொள்வாள். இப்போது யாரும் கேட்கவில்லை. டாக்டர் ராணியை லபக்கென்று விழுங்கிவிட்டார்.

முதல் ஆட்டம் போச்சு.

இடைவேளைக் கடிகாரம் திரையில் ஓட ஆரம்பித்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அப்டேட்டைத் தூக்கி வாஷிங் மெஷினில் போட்டுச் சுற்றவிட்டிருப்பேன். "அவ சைட்ல கைய வைக்க உன்னை யாருடா கூப்பிட்டா?" என்று எகிறினேன். அவன் அம்மா பக்கம் திரும்பினான்.

"ஊதாலயே கேக்க வைக்கலாம்மா. ஒரே ஒரு டிக்தான்."

"ஒரு டிக்தானே? அதை ஏன் நிறுத்தின?" என்றாள் அம்மா. குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"உனக்கு ஈசியா இருக்கட்டுமேன்னு…"

"எல்லாமே எனக்கு ஈசியா இருக்கட்டும்னுதான். உங்கப்பா போன வருஷம் சமையல்கட்டு அலமாரியை உயரத்துல மாட்டினது எனக்காக. இவ எனக்காக என் முடியை வெட்ட நேரம் குறிச்சுட்டு வந்தா. நீ என் போனை மாத்தின. பச்சை ஏன் பிடிக்கும்னு கேப்பீங்கல்ல? இந்த வீட்டுல என்னைக் கேட்டுட்டு ஒரு காரியம் பண்றது அது ஒண்ணுதான். அதையும் எடுத்துட்ட."

அவனைத் திட்டிக்கொண்டிருந்த எனக்கும் சேர்த்து ஒரு குட்டு விழுந்தது. அப்பா தலையைச் சொறிந்தபடி ஊறுகிற துணியைப் பார்த்தார்.

"பச்சையைத் திரும்பப் போடு," என்றாள் அம்மா.

தம்பி கீபோர்டில் விழுந்தான். டவுன்லோட் பட்டை நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. "எல்லாரும் போனை ஆஃப் பண்ணுங்க, நெட்டை இழுக்குது!" என்று கத்தினான். நான் எல்லோருடைய போனையும் பிடுங்கி அணைத்தேன். அப்பா லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சொல்கிற அதே குரலில் "பதறாதீங்க, வந்துடும், வந்துடும்" என்று திரைக்குத் தைரியம் சொன்னார். இடைவேளை முடியப் போகிற நேரத்தில் பச்சை மலர்ந்தது! பழைய அமைப்பெல்லாம் அழியாமல் அப்படியே இருந்தது. அம்மாவின் பெரிய எழுத்து, அம்மாவின் கேள்விகள், எல்லாம்.

'உங்கள் இருப்பிடத்தை இந்த சைட் அறியலாமா?' என்று முதல் வேலையாக அது கேட்டது.

"வேண்டாம்," என்று அம்மா வாய்விட்டுச் சொல்லி அழுத்தினாள். ஐயோ, அந்தச் சிரிப்பு!

இரண்டாவது ஆட்டத்தில் டாக்டரை ஒரு பிடி பிடித்தாள். குதிரை இரண்டும் அவருடைய கோட்டைக்குள் புகுந்து துவம்சம் செய்தன. டாக்டர் பாதியிலேயே கைவிட்டார். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டி, விஷயம் தெரிந்ததும் அவர்களும் உள்ளே வந்து நின்றுகொண்டார்கள்.

மூன்றாவது, அதிவேக ஆட்டம். ஒருவருக்குச் சில நிமிடம்தான். ஒவ்வொரு முறையும் 'இதுதானா?' என்று கேட்க, அம்மா டிக் போட, நேரம் கரைந்தது. தம்பி வாயைக் கையால் பொத்திக்கொண்டு நெளிந்தான். கடைசியில் தாங்காமல், "அம்மா, அந்தக் கேள்வியை… நிறுத்தட்டுமா?" என்றான்.

"வேண்டாம்."

அவன் நிறுத்தவில்லை. பிறந்ததிலிருந்து அவன் அவளைக் கேட்டு, அவள் சொன்னபடி விட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

டாக்டருடைய ராஜா தன் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே பதுங்கி, வெளியே வர வழியில்லாமல் நின்றது. அம்மா யானையைக் கடைசி வரிசை வரை இழுத்துக்கொண்டுபோய் வைத்தாள். சிவப்பில் துடித்துக்கொண்டிருந்தது நேரம். 'இதுதானா?'

அம்மா சாய்ந்து உட்கார்ந்து பார்த்தாள். அந்த நேரத்திலும் பார்த்தாள்! நான் கண்ணை மூடிக்கொண்டேன். க்ளிக் சத்தம் மட்டும் கேட்டது.

செக்மேட்!

தலைகால் புரியாமல் குதித்தோம். அப்பா பக்கத்து வீட்டுக்காரரைக் கட்டிப்பிடித்தார். தம்பி தரையில் உட்கார்ந்து அழுதே விட்டான். இந்த அமளிக்கு நடுவில் திரையில் ஒரு பெட்டி எழுந்தது. 'தலைநகரில் நடைபெறும் போட்டியில் நேரில் கலந்துகொள்வீர்களா? ஆம். இல்லை.'

"ஆமான்னு போடு, போடு! நான் லீவு சொல்லிட்டு உன்கூட வரேன்," என்று அப்பா சந்தோஷத்தில் குனிந்து மவுஸைப் பிடித்தார்.

அம்மா அவர் கையை மெதுவாக மவுஸிலிருந்து எடுத்துவிட்டாள்.

"இருங்க. என்னைத்தானே கேக்குது."

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த ஒற்றை வரியை முதலிலிருந்து படித்தாள், மறுபடியும் படித்தாள். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். அவள் அவசரப்படவே இல்லை.