பழைய பெட்டியில் இருந்த குரல்

அண்ணனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ரிப்பேர் முடிந்ததும், பொருளைக் கொடுத்தவரைவிட அவன் முகத்தில்தான் சந்தோஷம் அதிகம் தெரியும். கம்ப்யூட்டர் கடையில் மெக்கானிக். சொந்தக்காரர்களுக்கு ஓசி டாக்டர். எந்த வீட்டில் எந்தப் பெட்டி படுத்துக்கொண்டாலும் முதல் போன் அவனுக்குத்தான்.

இந்த முறை கூப்பிட்டவள் அவனுடைய தங்கை. கணவனை இழந்தவள். இரண்டு பேருக்கு இவ்வளவு பெரிய வீடு எதற்கென்று மகளோடு சின்ன வீட்டுக்கு மாறப்போகிறாள்.

"அண்ணா, அவரோட பழைய கம்ப்யூட்டர்ல இருக்கற வீடியோ எல்லாம் புது லேப்டாப்ல வேணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

இறந்துபோன மாப்பிள்ளை கல்யாண வீடியோ எடுத்தவர். ஊர் உலகத்தையெல்லாம் படம் பிடித்த மனுஷன், சொந்த வீட்டுப் படம் ஒன்றில்கூடத் தலைகாட்டவில்லை. கேமராவை இன்னொருவர் கையில் கொடுக்க மனசே வராது. மகள் தவழ்ந்தது, நடந்தது, பல் விழுந்து பொக்கை வாயோடு சிரித்தது என்று எல்லாவற்றிலும் பின்னாலிருந்து அவர் குரல் மட்டும் கேட்கும். கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய கையோடு அவற்றின் மேலேயே அடுத்த கல்யாணத்தை எடுத்துவிடுவார். ஆக, அந்தக் குரல் உலகத்தில் மிச்சமிருந்தது அந்தப் பழைய பெட்டிக்குள் மட்டும்தான்.

ஒரு சாயங்காலம் அண்ணன் வந்து உட்கார்ந்தான். பெட்டி உள் அறையில், லேப்டாப் கூடத்தில். இரண்டுக்கும் ஒரே வைஃபைதான். ஆனாலும் புதியது பழையதைக் கண்டுகொள்ளவே இல்லை. வசதி வந்த சொந்தக்காரன் விசேஷ வீட்டில் நம்மைப் பார்த்தும் பார்க்காததுபோல் போவானே, அந்த மாதிரி. பழையது பேசும் முறை பாதுகாப்பில்லை என்று புதியது அதை அடைத்து வைத்திருந்தது. அண்ணன் அந்த அடைப்பைத் தேடிப்பிடித்துத் திறந்துவிட்டான். அடுத்தாற்போல் பாஸ்வேர்டு கேட்டது. மாப்பிள்ளை பாஸ்வேர்டே வைக்காத ஆள். பழையதில் புதிதாக ஒன்று போட்டான். பிறகு ஃபோல்டருக்கு அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. இப்படி நன்றாகத் தண்ணி காட்டிவிட்டுத்தான் வீடியோக்கள் வரிசையாக லேப்டாப்பில் தெரிந்தன.

"வந்துடுச்சு! எல்லாம் வந்துடுச்சு பாரு! இனிமே நீ இதுலயே பாத்துக்கலாம்!"

அண்ணனுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒன்றைத் தட்டினான். குழந்தை தவழ்ந்து வந்தது. பின்னாலிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. தங்கை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வீடியோக்கள் இன்னும் பழைய பெட்டிக்குள்தான் இருந்தன; லேப்டாப்பில் அவ்வளவுக்கும் இடம் போதாது. ஞாயிற்றுக்கிழமை பெரிய டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்து காப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டான். நினைத்ததோடு சரி, வாயைத் திறந்து சொல்லவில்லை. ஜன்னல் வழியே எதிர்வீட்டு பீரோ தெரிந்தால் அது நம் வீட்டுக்கு வந்துவிட்டதாக ஆகாது. இது அவனுக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும், பாவம்? அண்ணன் 'வந்துடுச்சு' என்றால் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை அவள் கடைக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, ஃபோல்டர் இருக்கு. ஆனா மேல செவப்பா பெருக்கல் குறி மாதிரி விழுந்திருக்கு. தொட்டா ஒண்ணும் இல்லைங்குது."

"பழைய பெட்டி ஆஃப்ல இருக்கும். போய் ஆன் பண்ணு."

"அதைத்தான் பழைய சாமான்காரர்கிட்ட போட்டுட்டேனே. புது வீட்ல வைக்க ஏது இடம்? நீதான எல்லாம் வந்துடுச்சுன்ன?"

அண்ணன் எந்தச் சாமான்காரர் என்று கேட்டுக்கொண்டு போனை வைத்தான். வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினான். பழைய சாமான் கிடங்கில் பெட்டி கிடைத்தது. பக்கவாட்டுத் தகடு கழன்று, டிஸ்க் இருந்த இடம் காலியாக இருந்தது.

"டிஸ்க்கா? வந்ததும் மொத வேலையா அதைத்தான் சார் உடைப்போம். முழுசா வச்சிருந்தா உள்ள இருக்கறத எவனாவது எடுத்துருவான்னு குடுக்கறவங்க பயப்படுறாங்க," என்றார் கிடங்குக்காரர். "எல்லாம் உருக்கறதுக்குப் போயிருச்சு."

அவர் மேல் என்ன தப்பு? நல்லதென்று நினைத்துத்தான் செய்திருக்கிறார். அண்ணன் அங்கேயே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

தங்கை வீட்டில் பாதிச் சாமான் கட்டி முடிந்திருந்தது. மகளும் வீட்டில் இருந்தாள். அண்ணன் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டான். தங்கை அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"அன்னிக்கு ஓடினது மட்டுமாவது இருக்காண்ணா?"

"அதுவும் அங்கிருந்துதாம்மா ஓடுச்சு."

அவள் கட்டிக்கொண்டிருந்த அட்டைப்பெட்டியின் மேலேயே கவிழ்ந்துவிட்டாள். மகள் கொஞ்ச நேரம் அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்.

"நான் அப்ப டியூஷன்ல இருந்தேன். அதுல அப்பா என்னம்மா சொன்னாரு?"

"அழுகைல எனக்கு ஒண்ணும் காதுல விழலடி. மாமாவைக் கேளு. மாமா பக்கத்துலதான் இருந்தாரு."

மகள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "அப்பா என்ன சொன்னாரு மாமா?"

அண்ணன் மூளையைக் கசக்கிப் பார்த்தான், ஒரு வார்த்தையும் நினைவுக்கு வரவில்லை. அன்று அவன் கண் முழுக்கத் திரையின் அடியில் நகர்ந்த கோட்டின் மேல்தான் இருந்தது, படம் எங்காவது நிற்கிறதா என்று. எங்கேயும் நிற்கவில்லை.

"குரல் தெளிவா வந்துச்சுடா கண்ணு," என்றான்.

அவள் தலையாட்டிவிட்டு, அவன் மீதியைச் சொல்வான் என்று காத்திருந்தாள்.