கழுவக் கழுவக் கிருமி

வயிற்றுப்போக்கோடு போன மகள் ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்துவிட்டாள். வீட்டுச் சண்டைதான் ஓயவில்லை. பிள்ளை வெள்ளரிக்காயின் மேல் பச்சையாகத் தூவித் தின்றது இரண்டு இலைகள். ஒன்று பிள்ளையின் அம்மாவுடைய தம்பி கடைக் கொத்தமல்லி, மற்றது மாமியார் வாய்க்கால் ஓரம் பறித்த புளிப்பு இலையான புளியாரை. தன்னைப் பெற்ற தாயைக் குறை சொல்ல முடியுமா? கணவன் மச்சானைப் பிடித்துக்கொண்டான்.

"சுகாதாரத்துறைல புகார் கொடுக்கப்போறேன். கடைக்குப் பூட்டு விழும், பாரு."

தம்பிக்கு அந்தக் கடையை விட்டால் வேறு நாதி இல்லை. அக்காவான அவளோ உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். அடுத்த ஞாயிறு வந்த இலைகளில் கழுவாதது கொஞ்சம், மாமியார் கழுவியது கொஞ்சம் என்று சத்தமில்லாமல் எடுத்துப் போய்ச் சோதித்தாள்.

கழுவாத இரண்டிலும் நோய்க்கிருமி இல்லை. கழுவிய இரண்டிலும் மொய்த்தது.

பெயர்ச் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டோமோ? மறுபடி செய்தாள், அதே கதை. குழாய்த் தண்ணீரில் குற்றமில்லை. படித்த படிப்பின் மேலேயே சந்தேகம் வந்தது.

"மூணு தண்ணி மாத்தித்தாம்மா கழுவினேன். என்னையா சந்தேகப்படற?" மாமியார் மூக்கைச் சிந்தினார். தம்பி போனில் அழுதான். யாரை நம்புவது என்றே அவளுக்குப் புரியவில்லை.

மறு ஞாயிறு. வாரத்தில் ஒரு நாள் அடுப்படியை ஆளும் மகாராஜாவான கணவர் கோழிக்கறி வாங்கி வந்தார். நீலப் பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டிப் பிசைந்து கழுவினார். கறியை எடுத்துவிட்டுத் தொட்டியில் ஒரு கை தண்ணீர் தெளித்துக் கவிழ்த்தார். உதவி செய்கிறாராம்! மாமியார் வந்தார், அதே தொட்டியை நிமிர்த்தி இலைகளைப் போட்டார்.

"அத்தை, நில்லுங்க! என்னங்க, எப்பவும் இப்படித்தான் கழுவுவீங்களா?"

"ஆமா. அலசிட்டுத்தானே வைக்கிறேன்?"

அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "அந்தக் கோழித் தண்ணியில இருந்துதாங்க இலையில கிருமி வந்திருக்கு."

மாமியார் மகனைப் பார்த்தார்.

மகள் ஓடி வந்து கை நீட்டினாள். "அப்பா, எனக்குப் புளிப்பு இலை குடுப்பா."

அவன் ஈரக் கைகளைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.