கடைசிப் பெட்டி நின்ற இடம்

ஜனாதிபதி கால்டரின் ரயில் எங்கள் ஊரில் நான்கு நிமிடம் நிற்கும் என்று செய்தி வந்தபோது, வரவேற்புரையை வாசிக்கப்போவது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நெப்ராஸ்கா மாநிலம் முழுவதிலும் அவருடைய வாழ்க்கையை என்னளவு ஒழுங்காகக் கற்றவர் இல்லை. ஒன்பது வயதில் நூற்பாலையில் சுண்டுவிரலை இழந்தது, வழக்கறிஞரானது, ரயில் முதலாளிகளை நீதிமன்றத்தில் நிறுத்தியது, பதவிக்கு வந்தபின் சிறுவர்களை ஆலைக்கு அனுப்பக் கூடாதென்று காங்கிரஸ் சபையோடு மல்லுக்கு நின்றது எல்லாவற்றையும் நாளிதழ்களிலிருந்து வெட்டித் தேதிவாரியாக ஒட்டி வைத்திருந்தேன். உரை பதினோரு பக்கம் வந்தது.

வரவேற்புக் குழுத் தலைவர், தீவனக் கடை பிரம்லி, அதைக் கையில் வைத்து எடைபார்த்தார்.

"மிஸ் வைட்டிங், நீங்க இத வாசிச்சு முடிக்கறதுக்குள்ள அவரு பதவிக்காலமே முடிஞ்சிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். வாய்ப்பு, எங்கள் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்து ஏழு மாதமே ஆன கோரின் ஹெஸ்லப்புக்குப் போயிற்று. அவள் எழுதியது அரைப் பக்கம். அதிலிருந்த நான்கு பிழைகளைத் திருத்திக் கொடுத்தவளும் நானே. கன்னத்தில் குழி விழ நன்றி சொன்னாள்.

நான் குழுவின் செயலாளர். ரயில் நிர்வாகத்தின் கடிதத்தைக் கூட்டத்தில் உரக்க வாசித்தேன். வருகை நேரம், ஏழு பெட்டிகள், காவல் ஏற்பாடு எதுவும் விடுபடவில்லை. ஜனாதிபதி கடைசிப் பெட்டியின் பின்புறத்தில் நின்றுதான் பேசுவார் என்ற ஒரு வரியை மட்டும் வாசிக்கவில்லை. எங்கள் ஊருக்கு வழக்கமாக வருவது இரண்டு பெட்டி வண்டி. அது நிற்கும் இடத்தில், ஸ்டேஷன் வாசலுக்கு நேராக, பிரம்லி மேடை போட்டார்.

அன்று காலை கோரின் நாற்பது பிள்ளைகளோடு மேடையேறினாள். ஊரும் அங்கேதான் கூடியது. நான் தலைவலி என்று சொல்லிவிட்டு, தானியக் கிடங்குக்கு அப்பால் தண்டவாள ஓரமாகப் போய் நின்றேன். பதினோரு பக்கங்களும் கையில் இருந்தன.

நான் நினைத்தது தப்பவில்லை. எஞ்சின் மேடைக்கு முன்னால் நீராவி கக்கி நின்றது. கடைசிப் பெட்டி எனக்கு முன்னால் நின்றது. கதவைத் திறந்து பெட்டியின் பின்புறத் தளத்துக்கு வந்த ஜனாதிபதி, வெறிச்சோடிக் கிடந்த சரளையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளைங்க ஒருத்தரையும் காணோமேம்மா. எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்களா?"

அவர் முகத்தில் வேடிக்கை இல்லை. பதினோரு பக்கங்களையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். தளத்தின் கம்பியைப் பற்றியிருந்த அவருடைய நான்கு விரல்களைப் பார்த்தபடி நின்றேன். கடைசியில் எஞ்சின் பக்கம் கைகாட்டினேன்.

ஏழு பெட்டி நீளமும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கோரின் ஓடிவந்தாள். தொப்பி எங்கோ விழுந்திருந்தது; பாவாடையின் ஓரம் கிழிந்திருந்தது. அவள் வந்து சேரவும் வண்டி நகரவும் சரியாக இருந்தது. உரையை வாசிக்க நேரமில்லை. ஜனாதிபதி கம்பிக்கு மேலே குனிந்து, கூடவே ஓடிய பிள்ளைகளின் கைகளை ஒவ்வொன்றாகத் தொட்டார்; கடைசியாக அவள் கையைக் குலுக்கினார். வளைவு திரும்பும்வரை தொப்பியை அசைத்துக்கொண்டே போனார். அது எனக்காக அல்ல.

கோரின் மூச்சு வாங்க என்னிடம் வந்தாள்.

"நல்லவேளை, நீங்களாவது இங்க இருந்தீங்க, மிஸ் வைட்டிங். இல்லாட்டி ஊர்ல யாருமே வரலைன்னு நினைச்சிருப்பாரு."

அவள் குரலில் குத்தல் துளியும் இல்லை. அதற்காகவும் அவள்மேல் பொறாமைப்பட்டேன்.