கனகலிங்கத்தின் ஆறாம் நாள்

குளிசை சாப்பாடு இல்லை என்பது கனகலிங்கத்தின் கட்சி. மருந்தால் விரதம் முறியாது. ஆகவே நீரிழிவு என்கிற சீனி வருத்தத்துக்கான குளிசையைக் காலையில் வழக்கம்போல விழுங்கலாம். அதற்குப் பின்னால் வேறொன்றும் வயிற்றுக்குள் போகாமல் பார்த்துக்கொண்டால் சரி. வயிற்றில் சாப்பாடு இருக்கிறது என்று நம்பித்தான் அந்தக் குளிசை வேலை செய்யும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. வெறும் வயிற்றில் போட்டால் சீனி இறங்கி மயக்கம் வரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். மனைவி செல்லம் கந்தசஷ்டி தொடங்கிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆனால் கனகலிங்கம் ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அதைக் கடவுள் வந்தாலும் அசைக்க முடியாது.

"குளிசை போட்டால் சாப்பிடுங்கோ. சாப்பிடாட்டில் குளிசையைப் போடாதையுங்கோ. ரெண்டிலை ஒண்டு செய்யுங்கோவன்" என்றாள் செல்லம், குசினி வாசலை மறித்துக்கொண்டு.

"விசர்க்கதை கதையாதை. அஞ்சு நாள் முடிஞ்சு போட்டுது. இண்டைக்கு ஒரு நாள்தானே."

அந்த ஐந்து நாளும் இரவில் ஒரு கப் பாலாவது குடித்தார். சூரன்போர் நடக்கிற இந்த ஆறாம் நாளில் அதுவும் கிடையாது. பின்னேரம் கோயிலில் சூரன் விழுந்த பிறகுதான் தண்ணீரே. அதற்கு முன்னால் காலை ஓட்டம் இருந்தது. ஜெர்மனியில் நகரப் பேருந்து ஓட்டுநர் வேலை, லீவு கேட்டிருக்கலாம். கேட்டால் 'ஏலாமல் போச்சு' என்று ஆகிவிடுமே.

செல்லம் விவாதத்தை விட்டுவிட்டு, அவருடைய சீருடைச் சட்டைப் பைக்குள் குளுக்கோஸ் வில்லைகள் அடங்கிய சின்னப் பெட்டியைத் திணித்தாள். "கை நடுங்கினால் ஒண்டை வாயிலை போடுங்கோ. முருகன் கோவிக்க மாட்டார்."

முருகன் கோபிக்க மாட்டார்தான். நவரத்தினம்? அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நவரத்தினம் கோயில் சபையில் இருக்கிறவர். தமிழ்க்கடை வைத்திருக்கிறார். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். போன வருடம் சூரன்போர் முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றபோது, அகப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சீனி வருத்தமும் இருக்கு, பஸ்சும் ஓடுறார், உபவாசமும் இருக்கிறார். எங்கடை கனகலிங்கண்ணைக்கு ரெண்டு வயிறு போலை."

எல்லோரும் சிரித்தார்கள். கனகலிங்கமும் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வந்தும் அந்தச் சிரிப்பு காதை விட்டுப் போகவில்லை. ஏனென்றால் அது உண்மை. அந்த வருடம் ஐந்தாம் நாள், டெப்போவின் உடுப்பு மாற்றும் அறையில், அலுமாரிக் கதவுக்குப் பின்னால் நின்று சீஸ் வைத்த ஒரு புறோட்சன் ரொட்டியை மூன்று கடியில் விழுங்கியிருந்தார். யாரும் பார்க்கவில்லை. பிறகு கோயிலுக்குப் போய், தண்ணீர்கூடத் தொடவில்லை என்று ஐயருக்கு முன்னால் சொன்னார். உண்மையான விரதகாரனை யாராவது கேலி பண்ணினால் அவன் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பான். களவாய்த் தின்றவனுக்குத்தான் அது குத்தும்.

இந்த வருடம் நவரத்தினம் இன்னொன்றும் சொன்னார். சூரனை இனி இளம்பிள்ளைகள் தூக்கட்டுமாம். கோயிலில் சூரனைச் சுமக்கிற காவுதடியின் முன் கொம்பு கனகலிங்கத்தின் தோளுக்குரியது. அந்தப் பெரிய மரச்சூரனை அவர் முன்னால் நின்று உலுப்பி ஆட்டுகிறபோது குழந்தைகள் வீரிட்டு அழும்; கொலோனிலிருந்து வருகிற பெடியள் போனைத் தூக்கிப் படம் பிடிப்பார்கள். பேருந்தில் அவர் வெறும் ஓட்டுநர். ஏறுகிறவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. வருடத்தில் அந்த ஒரு பின்னேரம் எல்லோரும் பார்ப்பார்கள். அதைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. கந்தசஷ்டி தொடங்கிய அன்றே எழும்பி நின்று சொல்லிவிட்டார்: "ஆறு நாளும் உபவாசம். முன்னுக்கு நான்தான்."

சொன்ன சொல்லில் இனிப் பின்வாங்க முடியாது. சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்பது வேறு கதை.

டெப்போவில் புவனேந்திரன் அவரைக் கண்டதும் திடுக்கிட்டான். அவனும் ஓட்டுநர்தான், அவரைவிட இளையவன், அவர் சொல்லித்தான் இந்த வேலைக்கே வந்தவன். "அண்ணை, முகம் வெளிறிப் போய்க் கிடக்கு. உங்கடை ஓட்டத்தை நான் எடுக்கிறன். மேலை நான் கதைக்கிறன். நீங்கள் வீட்டை போய்ப் படுங்கோ."

எவ்வளவு நல்ல பேச்சு! 'ஓம்', சரி என்று ஒரு சொல் போதும். கனகலிங்கத்தின் கால்கள் அந்த ஓமைச் சொல்லிவிட்டன. அவை வாசல் பக்கம் திரும்பின. ஆனால் புவனேந்திரனின் மனைவி கோயிலில் பஜனை பாடுகிறவள். மத்தியானத்துக்குள் செய்தி அங்கே போய்ச் சேரும். கனகலிங்கண்ணைக்கு ஏலாமல் போட்டுதாம். இந்த முறையும் ஏதோ தின்றிருப்பார்.

"ஏன், எனக்கு ஏலாது எண்டு ஆர் சொன்னது?" என்று சீறினார். "நீ உன்ரை ஓட்டத்தைப் பார்."

புவனேந்திரன் ஒதுங்கிக்கொண்டான். பெரியவரை எதிர்த்துப் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. பிறகு அதை நினைத்து அவனும் நொந்துகொள்ளப் போகிறான்.

முதல் சுற்று ஒரு குறையுமில்லாமல் போனது. கனகலிங்கத்துக்குக்கூட ஆச்சரியம். இரண்டாம் சுற்றில் ரயில் நிலையமான பான்கோஃபைத் தாண்டியதும் கழுத்துக்குப் பின்னால் வியர்த்தது. நவம்பர் மாதம், வெளியே ஆட்கள் தொப்பியும் சால்வையுமாக நடந்துகொண்டிருந்தார்கள். அவருக்குச் சட்டை முதுகோடு ஒட்டியது. கை ஸ்டியரிங்கில் மெல்ல நடுங்கியது. இறுக்கிப் பிடித்தார். இறுக்கிப் பிடித்தால் நடுக்கம் தெரியாது என்று ஒரு எண்ணம்.

சந்தைப் பேருந்துத் தரிப்பில் ஃபிறவ் குறூகர் என்கிற வயதான ஜெர்மன் பெண் ஊன்றுகோலோடு ஏறினாள். ஓட்டுநரின் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்கிற ஒரே பயணி அவள்தான். அவர் பேருந்து வரும்வரை மற்றப் பேருந்துகளை விட்டுவிட்டுக் காத்திருப்பாள் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அவள் உட்காரும்வரை வண்டியை எடுக்காதவர் அவர் ஒருவர்தானாம். இன்று அவள் உட்காராமல் அவரையே உற்றுப் பார்த்தாள். உங்களுக்குச் சுகமில்லையா, என்ன இப்படி வெளிறிப் போயிருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"அல்லெஸ் கூட்" என்றார் கனகலிங்கம். எல்லாம் நலம்.

அவள் நம்பவில்லை. கைப்பையைத் துழாவி ஒரு எலுமிச்சை இனிப்பை எடுத்து நீட்டினாள். அவர் நன்றி சொல்லி வாங்கினார். வாங்கி, சட்டைப் பையில் குளுக்கோஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். அவள் அவருக்குப் பின்னாலிருந்த இருக்கையில், வழக்கமான இடத்தில் போய் அமர்ந்தாள்.

கடைசித் தரிப்பில் கொஞ்ச நேரம் ஓய்வு இருந்தது. ஃபிறவ் குறூகர் இறங்கி எதிரே இருந்த மருந்துக் கடைக்குப் போனாள். திரும்பி இதே வண்டியில்தான் வருவாள். வண்டி காலி. கனகலிங்கம் குளுக்கோஸ் பெட்டியை எடுத்துத் திறந்தார். வெள்ளை வில்லை. வாயில் எச்சில் ஊறியது. நெஞ்சு படபடவென்று அடித்தது. அவருக்குப் பயமாக இருந்தது. அதை ஒளிக்க வேண்டியதில்லை, அந்த மனிதருக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. இருபது வருடத்துக்கு மேலாக ஒரு கண்ணாடிகூட உடைக்காமல் ஓட்டியவர். பின்னால் ஆட்கள் இருப்பார்கள், பிள்ளைகள் இருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

சுற்றிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. அதுதான் அவரைத் தடுத்தது. அன்றைக்கும் அலுமாரிக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. அப்படியிருந்தும் அது நவரத்தினத்தின் வாய்க்கு வந்துவிட்டதே! வில்லையைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டு மூடினார். வானொலியில் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டு ஆள் மாற்றச் சொல்லலாம் என்று கையை நீட்டினார். ஜெர்மன் வார்த்தை ஒன்றும் உடனே நினைவுக்கு வரவில்லை. அதையும் விட்டார். இன்னும் ஒரே ஒரு சுற்று. பிறகு கோயில்.

வண்டியை எடுத்தார். ஃபிறவ் குறூகர் உட்கார்ந்தாளா என்று இந்த முறை பார்க்கவில்லை. ஒரு தரிப்பில் கைகாட்டியவர்களை விட்டுவிட்டு வண்டி கடந்துபோனது. இறங்குகிறவர்களின் மணி அடித்தது. மறுபடியும் மணி. யாரோ சத்தம் போட்டார்கள். கனகலிங்கத்துக்கு அது கோயில் பறையாகக் கேட்டது. தோளில் கொம்பு அழுத்தியது. ஆட்டு, இன்னும் ஆட்டு என்று யாரோ சொன்னார்கள். தெருவோரத்து மரம் அவரை நோக்கி வந்தது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது கையில் ஊசி ஏறியிருந்தது. கட்டிலருகே செல்லம், அவளுக்குப் பின்னால் புவனேந்திரன்.

"ஆருக்கும்..." என்று தொடங்கி முடிக்க முடியாமல் திணறினார்.

"ஒருத்தரும் சாகேல்லை. சிலபேருக்குச் சின்னக் காயம். உங்களுக்குப் பின்னாலை இருந்த அந்த மனுசிக்கு இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. ஒப்பரேசன் செய்யினம்" என்றாள் செல்லம்.

கனகலிங்கம் அழுதார். ஒளிக்காமல், கையால் முகத்தை மூடாமல் அழுதார். நல்ல மனிதர்தான். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, தலைக்கு மேல் தொங்கிய போத்தலைப் பார்த்தார்.

"என்ன ஏத்துகினம்?"

"சீனித்தண்ணி."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். விரதம் முறிந்துவிட்டது என்றுதான் அந்த மூடல் என்று செல்லத்துக்கு விளங்கிவிட்டது.

புவனேந்திரன் குனிந்து மெதுவாகப் பேசினான். "அண்ணை, வடிவாய்க் கேளுங்கோ. பொலிஸ் வெளியிலை நிக்குது. நேரத்துக்குச் சாப்பிடுவன் எண்டு நீங்கள் ஒப்புக்கொண்டபடியாலைதான் வேலைத்தல டொக்டர் உங்களை ஓட விட்டவர். தெரிஞ்சுகொண்டு சாப்பிடாமல் ஓடினனான் எண்டு சொன்னீங்களோ, லைசென்ஸ் மட்டுமில்லை, வழக்கும் வரும். லோயரோடை கதைக்கும்வரை வாய் திறக்காதையுங்கோ. சொல்ல வேணும் எண்டு சட்டமில்லை."

"ஓம்" என்றார் கனகலிங்கம். மனதாரத்தான் சொன்னார். பயம் அவரை நன்றாகவே பிடித்திருந்தது.

பொலிஸ்காரி இளம்பெண். மரியாதையாகத்தான் பேசினாள். நீங்கள் எதுவும் சொல்லக் கட்டாயமில்லை என்று அவளும் சொன்னாள். கனகலிங்கம் தலையாட்டினார், லோயரோடு பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். சரி என்று அவள் குறிப்பதை நிறுத்தினாள். புவனேந்திரன் மூச்சுவிட்டான். எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து வாசலில் நவரத்தினம் வந்து நின்றார். வேட்டி, அதன்மேல் குளிர்ச்சட்டை, நெற்றி நிறைய விபூதி. கோயிலிலிருந்து நேரே வந்திருந்தார். இளம்பிள்ளைகள் சூரனைத் தூக்கி முடித்திருந்தார்கள். பொலிஸைக் கண்டு தயங்கி, செல்லத்தின் பக்கம் ஒதுங்கிக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"என்னக்கா நடந்தது? டெப்போவிலை பழுதான சாப்பாடு ஏதும் சாப்பிட்டவரோ?"

உள்நோக்கம் இருந்ததோ இல்லையோ, அது நவரத்தினத்துக்கே வெளிச்சம். கனகலிங்கத்துக்கு அது போதுமானதாக இருந்தது. முழங்கையை ஊன்றி எழும்பினார்.

"நான் ஒண்டும் சாப்பிடேல்லை!"

"அண்ணை, படுங்கோ" என்றான் புவனேந்திரன்.

அவர் பொலிஸ்காரியைக் கூப்பிட்டார். அவள் திரும்பினாள். மருந்துக் கடைக்கு முன்னால் ஒரு சொல்லும் வராத அந்த ஜெர்மன் இப்போது ஆறுபோல வந்தது. இன்றைக்கு நான் எதுவும் சாப்பிடவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. ஆறு நாளாக விரதம். குளிசை மட்டும் போட்டேன். என் மனைவி குளுக்கோஸ் தந்தாள், இந்தச் சட்டையில்தான் இருந்தது, பாருங்கள், பெட்டியில் ஒன்றும் குறையாது. அந்த அம்மாவும் இனிப்புத் தந்தாள். கை நடுங்கியது, வியர்த்தது, எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் தொடவில்லை. ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"இஞ்சாருங்கோ, போதும்" என்றாள் செல்லம்.

நவரத்தினத்துக்கும் ஜெர்மன் தெரியும். அவர் தலையைக் குனிந்து கைகூப்பினார். "நான்தான் அண்ணை பிழையாய் நினைச்சுப் போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

கனகலிங்கத்தின் நெஞ்சு நிமிர்ந்தது. ஒரு வருடமாகக் காதில் கிடந்த சிரிப்பு நின்றது. அந்தக் கட்டிலில், கையில் ஊசியோடு, அவர் ஒரு கணம் சந்தோஷமாக இருந்தார்.

பொலிஸ்காரி எழுதி முடித்து நிமிர்ந்தாள். "அப்படியானால் ஆபத்து என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே ஓட்டினீர்கள். நான் சரியாக விளங்கிக்கொண்டேனா?"

கனகலிங்கம் மெல்லத் தலையணையில் சாய்ந்தார். புவனேந்திரன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பொலிஸ்காரி குறிப்பேட்டை மூடி, நன்றி சொல்லிப் போனாள்.

நவரத்தினமும் அதிக நேரம் நிற்கவில்லை. விபூதியை மேசையில் வைத்துவிட்டு, போனைக் காதில் வைத்தபடி வெளியே போனார். கோயிலில் எல்லோருக்கும் சொல்ல வேண்டுமே.

செல்லம் எழும்பினாள். அவருடைய கிழிந்த சட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் கிடந்தது. அதன் பைக்குள் கைவிட்டு ஃபிறவ் குறூகரின் எலுமிச்சை இனிப்பை எடுத்தாள். தாளைப் பிரித்து அவர் வாயருகே கொண்டுபோனாள்.

"நீங்கள் சாப்பிடேல்லை எண்டு இப்ப எல்லாருக்கும் தெரியும்" என்றாள். "சாப்பிடுங்கோ."